மொரீசியஸ்: மண்ணும் மக்களும் ஒரு ரூபாய் நோட்டும்

(பெங்களூரில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதக் கூட்டம் என்றால் ரேஷன் கார்டு, ஹக்குப் பத்திரம், பள்ளிக்கூடச் சேர்க்கை, காவிரி என்று நம் வீட்டுப் பாடுகளைப் பேசுவதுதான் வழக்கம். இந்த மாதம் ஓர் ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிப் பேசலாம் என்று செயற்குழு முடிவெடுத்தபோது, "அரிசி விலையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு எதற்குப் போகிறீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. அங்கே தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை. அந்த எழுத்துக்காக அங்குள்ள தமிழர்கள் ஒருமுறை அரசாங்கத்தையே பணிய வைத்திருக்கிறார்கள். அதே தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி தமிழ் அல்ல. வேறு மாநிலத்தில் வந்து பிள்ளை குட்டிகளோடு குடியிருக்கும் நாம், இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் பேராசிரியர்கள் அல்லர். மெட்ரிக்குலேஷன் தேறி ரயில்வேயில் பதிவேடு எழுதுகிறவர்கள். படிவத்தில் ஒரு கட்டம் போட்டால் மனிதன் எப்படி அதற்குள் மடங்கி உட்கார வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு குமாஸ்தாவின் கண்ணோடுதான் இந்த நாட்டைப் பார்க்கப் போகிறோம்.

மொரீசியஸ் ஒரு தீவு. நம் பெரியவர்கள் மோரீசு என்பார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் கிழக்கே, மடகாஸ்கர் தீவுக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது. பெரிய தீவின் பரப்பு 1865 சதுர கிலோமீட்டர். பெங்களூர் நகர மாவட்டமே அதைவிடப் பெரிது. மக்கள் தொகை பன்னிரண்டரை லட்சம் அளவில். நம் ஊரில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். ஆனால் அது தனி நாடு, தனிக் கொடி, ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பினர்.

இந்த நாட்டின் முதல் விசேஷம் இதுதான்: அதற்கு ஆதிக்குடி கிடையாது. 1598-இல் டச்சுக்காரர்கள் இறங்கியபோது அங்கே மனிதக் குடியிருப்பே இல்லை. பறக்கத் தெரியாத டோடோ என்ற பறவை மட்டும் இருந்தது. வந்தவர்கள் தங்கள் இளவரசர் மொரீசின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். அடுத்த நூறாண்டுக்குள் டோடோ அழிந்தது. 1710-இல் டச்சுக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்து அடிமையாக்கினார்கள். அந்த அடிமைகளில் இந்தியாவிலிருந்து பிடித்துப் போனவர்களும் இருந்தார்கள்.

1735-இல் கவர்னராக வந்த லபூர்தொனே என்பவர்தான் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பியவர் என்று எழுதியிருக்கிறது. கவர்னர் செங்கல் சுமக்கமாட்டார் அல்லவா? கல்லடித்தவர்களும் சுவர் வைத்தவர்களும் மரம் இழைத்தவர்களும் யார்? அடிமைகளும், புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன நம் கொத்தனார்களும் தச்சர்களும்தான். ஆக, கரும்புத் தோட்டக் கூலியாகப் போவதற்கு நூறாண்டு முன்பே தமிழன் அங்கே தொழிலாளியாக இருந்தான். 1810-இல் வெள்ளைக்காரன் அந்தத் தீவைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடுங்கியபோது போன படையிலும் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள் இருந்தார்கள். அல்சூரிலும் மர்பி டவுனிலும் இருப்பவர்கள் பட்டாளத்தோடு வந்து கண்டோன்மென்ட் கட்டிய கதையைத் தாத்தாவிடம் கேட்டிருப்பீர்கள். பெங்களூர் கண்டோன்மென்ட் எழுந்ததும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான், 1809-ஐ ஒட்டி.

1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. அடிமை விடுதலையானான், ஆனால் கரும்பு விடுதலையாகவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். 1834 முதலே ஒப்பந்தக் கூலி என்று ஒரு காகிதத்தைக் கண்டுபிடித்து ஆள் பிடித்தார்கள். 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து அந்தத் தீவில் இறங்கினார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாகப் போன பீகார்ப் பக்கத்து மக்கள். சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராட்டியரும் போனார்கள். இறங்கிய இடத்துக்குக் கூலி காட் என்று பெயர். கடலிலிருந்து கட்டடத்துக்கு ஏற 16 கல் படிகள். அந்தப் படிகள் இன்றும் இருக்கின்றன. அப்ரவாசி காட் என்று பெயர் மாற்றி, 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. தாஜ்மகாலுக்குக் கிடைத்த அதே மரியாதை, கூலி ஏறிய படிக்கட்டுக்கும்!

படி ஏறியதும் பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், தழும்பு, பிற்காலத்தில் புகைப்படமும். ஆளுக்கு ஒரு எண். எழுதுகிறவனுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதினான். முத்துசாமி மூத்தூசாமி ஆனார்; சுப்பிரமணியன் சூப்ரமாணியென் ஆனார். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்தது. நம் வழக்கப்படி முத்துசாமி என்பது ஒரு ஆளின் பெயர். அங்கே அது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. மகனும் மூத்தூசாமி, மருமகளும் மூத்தூசாமி, ஐந்து தலைமுறைக்குப் பின் பாரிசில் படிக்கும் பேத்தியும் மூத்தூசாமி. நம் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் முருகேசன் முருகேஷ் ஆகிவிட்டது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஒரு பதிவேட்டில் விழுந்த எழுத்து நூற்றைம்பது ஆண்டு நிற்கும் என்பதற்கு மொரீசியஸ் சாட்சி. ஒன்று மட்டும் நன்மை: அந்தப் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் போய்த் தேடி, பாட்டன் எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கூலி மாதம் ஐந்து ரூபாய். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். இதற்கு 'இரட்டை வெட்டு' என்று பெயர். காய்ச்சலில் பத்து நாள் படுத்தவன் இருபது நாள் கூலியை இழந்தான். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவனும் சுதந்திர மனிதன் அல்ல. 1867 சட்டப்படி புகைப்படம் ஒட்டிய பாஸ் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளுவான். 1871-இல் இதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் போனது. 9401 பேர் அதில் தங்கள் அடையாளத்தை இட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அடோல்ப் பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர். அவருக்குத் துணை நின்றவர் ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர். தோட்ட முதலாளிகள் பிளெவிட்சை அடித்து விரட்டப் பார்த்தார்கள்; ஆனாலும் விசாரணைக் கமிஷன் 1872-இல் வந்து சேர்ந்தது. தோழர்களே, கையெழுத்து வாங்கப் போனால் "இதனால் என்ன ஆகப் போகிறது?" என்று கதவைச் சாத்துகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. எழுதத் தெரியாத 9401 பேர், பாஸ் இல்லாமல் சாலையில் நடந்தாலே சிறை என்ற காலத்தில் விரல் நீட்டினார்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒரு பெயரை இப்போது சொல்கிறோம். அஞ்சலை கூப்பன். குப்பன் என்பதுதான் அங்கே கூப்பன். 1943 செப்டம்பர் 27-ஆம் தேதி, பெல் வ்யூ ஆரெல் என்ற கரும்புத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். நால்வரில் ஒருவர் அஞ்சலை, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர். மற்ற மூவர் பெயர்களும் முனுசாமி, கிருஷ்ணசாமி என்ற நம் பெயர்கள்தான். இன்று அந்தத் தீவின் பெரிய விளையாட்டு அரங்குகளில் ஒன்றுக்கு அஞ்சலை அரங்கம் என்று பெயர். தேசிய அணி அங்கே பந்து விளையாடுகிறது. ஒரு நாடு தன் அரங்கத்துக்கு மன்னர் பெயரை விட்டுவிட்டு, சுடப்பட்டுச் செத்த ஒரு கூலிப் பெண்ணின் பெயரை வைக்கிறதென்றால், அந்த நாடு யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அங்கே 1936-இல் தொழிற்கட்சியைத் தொடங்கிய மோரீஸ் க்யூரே என்ற மருத்துவர் இந்தியர் அல்லர், கிரியோல் இனத்தவர். ஆப்பிரிக்க அடிமைகளின் வழியில் வந்தவர்களையும் கலப்பு மக்களையும் கிரியோல் என்பார்கள். கரும்பு வெட்டும் இந்தியக் கூலிகளை அவர் சேர்த்துக் கட்சி கட்டினார். அந்தக் கட்சியில்தான் பின்னாளில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞர் தலைவரானார். அவர் 1958-இல் மறைந்தார். இன்றைக்கு நூறு ரூபாய் நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

ஓட்டுரிமை கிடைத்த விதம்தான் இந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடித்த இடம். அதுவரை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. 1947-இல் விதியை மாற்றினார்கள்: தீவில் வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், ஓட்டு உண்டு. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது! உடனே என்ன நடந்தது தெரியுமா? பீகார் வழியில் வந்த பிசூன்தயால் சகோதரர்கள் கிராமம் கிராமமாகத் தொண்டர்களை அனுப்பி இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை, இரவில் சிம்னி விளக்கடியில் பலகையில் எழுதிப் பழகியது. பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். 1948 ஆகஸ்டில் தேர்தல் வந்தபோது தோட்ட முதலாளிகளின் சட்டசபை கவிழ்ந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு 1959-இல்தான் வந்தது. ஆனால் கதவைத் திறந்தது தாய்மொழி எழுத்துதான். தமிழ் அங்கே அன்று சாமி கும்பிட மட்டும் உதவிய மொழி அல்ல. குடிமகன் ஆவதற்கான நுழைவுச்சீட்டு.

1968 மார்ச் 12-ஆம் தேதி விடுதலை. காந்தியார் தண்டி யாத்திரை கிளம்பிய நாள் என்பதால் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1992-இல் அதே தேதியில் குடியரசு. எல்லாம் இனிமையாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். விடுதலையே வேண்டாம் என்று 1967 தேர்தலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாக்களித்தார்கள். இந்துக்கள் கையில் நாடு போய்விடும் என்று அவர்களுக்கு அச்சம். விடுதலைக்கு இரண்டு மாதம் முன்னால் போர்ட் லூயிசில் கலவரம். போதாததற்குச் சாகோஸ் தீவுகளை 1965-லேயே வெள்ளைக்காரன் வெட்டி எடுத்துக்கொண்டான். அங்கே குடியிருந்த மக்கள் முழுவதையும் 1968 முதல் 1973-க்குள் கப்பலேற்றி வெளியேற்றி, அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் கொடுத்தான். அது தவறு என்று அனைத்துலக நீதிமன்றம் 2019-இல் கருத்துச் சொன்னது. தீவுகளின் உரிமையைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. குடியிருந்த மண்ணை விட்டு ஒரு தலைமுறையே தகரக் கொட்டகையில் கிழடாகிப் போன பிறகு!

இனிப் படிவத்துக்கு வருவோம். புதிய நாட்டின் அரசியல் சட்டம் மக்களை நான்கு கட்டத்தில் போட்டது: இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத 'பொது மக்கள்'. தமிழரை இந்துக் கட்டத்தில் அடக்கினார்கள். கிரியோல் மக்களையும், அவர்களை அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சு முதலாளி குடும்பங்களையும் சேர்த்து ஒரே 'பொது' கட்டத்தில் போட்டார்கள். பதிவேடு எழுதுகிற எங்களுக்கு இது நன்றாகப் புரிகிறது. 'இதரர்' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கே போடுவது என்று தெரியாததை எல்லாம் அதில் தள்ளுவோம். ஒரு மக்களையே 'இதரர்' என்று எழுதிவிட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? தேர்தலில் தோற்றவர்களில் எட்டுப் பேருக்கு இந்தக் கட்டப்படி இடம் தருகிற ஏற்பாடு இன்றும் உண்டு. 1972-க்குப் பிறகு எந்தச் சமூகம் என்ற கேள்வியைக் கணக்கெடுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய 1972 கணக்கை வைத்துத்தான் எட்டு இடங்களையும் பங்கிட்டு வந்திருக்கிறார்கள்.

இந்துக் கட்டத்துக்குள் அடைபட்ட தமிழர், "நாங்கள் தனி" என்று காட்டப் பாடுபட்டார்கள். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்று கேட்டால், 'தமிழ்' என்றே எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ் மொழி அல்ல, தமிழ் மதம்! நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்காதீர்கள். வாயிலிருந்து மொழி நழுவிப் போனபின், அந்தப் பெயரை எங்கேயாவது வைத்துக் காப்பாற்ற வேண்டுமே என்று அவர்கள் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். காவடி, தீமிதி, கல்யாணத்தில் வாழையிலையில் ஏழு கறி, போர்ட் லூயிசில் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயில், கோர் த கார்த் மலைமேல் முருகன், எல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது.

இந்தச் சூழலில்தான் 1998 நவம்பரில் புதிய ரூபாய் நோட்டுகள் வந்தன. அதுவரை நோட்டில் முதலில் ஆங்கிலம், அடுத்துத் தமிழ், அதற்கடுத்து இந்தி. புதிய நோட்டில் இந்தி மேலே போய், தமிழ் கீழே இறங்கியிருந்தது. தமிழர் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்றார்கள். அரசு இறங்கி வந்தது. அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1999-இல் தமிழை இரண்டாம் இடத்தில் வைத்துப் புது நோட்டுகள் வெளியிட்டார்கள். மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கூட்டம் இதைச் சாதித்தது. அந்தப் போராட்டம் சரியானதே என்பது எங்கள் கருத்து. வரிசையில் ஒரு படி கீழே இறங்கச் சொல்கிறவன், அடுத்த முறை வரிசையை விட்டே போகச் சொல்வான்.

ஆனால் கதை இதோடு முடிந்துவிட்டால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம். முடியவில்லை. அந்த நோட்டை நன்றாக உற்றுப் பாருங்கள். ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, இந்தி இருக்கிறது. அந்தத் தீவில் தமிழனும் பீகாரியும் சீனனும் கடையில், பஸ்ஸில், படுக்கையறையில் பேசுகிற மொழி கிரியோல். அது மட்டும் நோட்டில் இல்லை! பிரெஞ்சு முதலாளியின் மொழியை அடிமைகள் தங்கள் நாக்குக்கு ஏற்ப உருக்கி வார்த்த மொழி அது. 1999 பிப்ரவரி 21-இல், காயா என்று மக்கள் கொண்டாடிய கிரியோல் பாடகர் போலீஸ் கொட்டடியில் பிணமாகக் கிடந்தார். நாடு நாலைந்து நாள் பற்றி எரிந்தது. நோட்டில் எந்த எழுத்து மேலே என்ற வழக்கு எழுந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'இதரர்' கட்டத்தில் இருந்தவர்கள் அப்போதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார்கள். கிரியோல் மொழியைத் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததே 2012-இல்தான்.

தமிழ் நிலை என்ன? பள்ளியில் கற்றுத் தருகிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு, நூல்கள் உண்டு. அங்கிடி செட்டியாரும் வையாபுரியும் துணைக் குடியரசுத் தலைவர்களாகி, தற்காலிகக் குடியரசுத் தலைவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். பதவிக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று கணக்கெடுப்பில் சொல்கிறவர்கள் சில ஆயிரத்துக்கு மேல் இல்லை. தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். தவறு யாருடையது? தோட்டத்தில் நாலு மொழிக்காரன் ஒன்றாக வேலை செய்தான், பொது மொழி வந்தது, அதில் தவறில்லை. பிள்ளை மேலே வரப் பிரெஞ்சும் ஆங்கிலமும் வேண்டியிருந்தது, அதிலும் தவறில்லை. புதிய மொழியைச் சேர்த்துக்கொண்டபோது பழையதை வீட்டில் தொடர்ந்திருக்கலாம். அது நடக்கவில்லை. கோயிலில் இருக்கிறதே, போதும் என்று தைரியமாக இருந்துவிட்டார்கள். 1948-இல் ஓட்டு வாங்கித் தந்த எழுத்து, ஐம்பது ஆண்டில் நோட்டில் அச்சாக நின்றது, வாயில் நிற்கவில்லை.

இப்போது பெங்களூருக்கு வருவோம். இங்கே ஒரு எச்சரிக்கை. "மொரீசியசில் தமிழன் நோட்டில் எழுத்து வாங்கினான், நாமும் இங்கே வாங்குவோம்" என்று மேடையில் முழங்குவது சுலபம். அது பொருந்தாத ஒப்பீடு. மொரீசியஸ் ஆதிக்குடி இல்லாத மண். அங்கே எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். முன்னே வந்தவன், பின்னே வந்தவன் என்ற வித்தியாசம்தான். கர்நாடகம் அப்படி இல்லை. இது கன்னடம் பிறந்து வளர்ந்த மண். நம்மில் பலர் இங்கே நாலைந்து தலைமுறையாக இருக்கிறோம். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தபோது தண்டவாளம் போட்டவர்களில் நம் பாட்டனும் உண்டு. மில்லில் நூற்றவர்களில், தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் நம்மவர் உண்டு. அந்த உழைப்புக்கு உரிய உரிமையைக் கேட்போம். ஆனால் வீட்டுக்காரன் இல்லாத வீட்டில் குடியேறியவர்கள் மாதிரி பேசினால், அது பொய்யும் ஆகும், ஆபத்தும் ஆகும். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி நடந்ததை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. எரிந்தது ஆட்டோவும் குடிசையும். மேடையில் முழங்கியவர் எவர் வீடும் அல்ல. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டு துணிக்குள் நின்றது. 2009 ஆகஸ்ட் 9-இல் அது திறந்ததும், நாலு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறந்ததும் எப்படி? இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று மதித்ததால். அன்றைக்குக் கூட்டத்தில் கன்னடக்காரர்களும் நின்று கைதட்டினார்கள்.

நம்மிலும் சிலருக்குக் கன்னடம் என்றால் இளப்பம். முப்பது வருடம் இங்கே இருந்தும் பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரியாததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இதில் என்ன பெருமை? வார்டு ஆபீசில் மனு எழுதப் பிறரிடம் காசு கொடுக்கிறோமே, அதுவா பெருமை? இன்னொரு சாராருக்குத் தமிழ் என்றால் கூச்சம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் "தமிழில் பேசாதே, அக்கம்பக்கம் கேட்கும்" என்கிறார்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகத்தில் எல்லாப் பள்ளியிலும் கன்னடம் கட்டாயம். நல்லது, பிள்ளைகள் படிக்கட்டும், எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் தமிழ் வழிப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்துவிட்டன. அந்த இடத்தை ஆங்கிலப் பள்ளி பிடித்தது, கன்னடப் பள்ளி அல்ல. கன்னடப் பள்ளிகளும் நம் தெருவில் ஆளில்லாமல்தான் கிடக்கின்றன. இதைக் கன்னட நண்பர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். நம் குறையும் அவர்கள் குறையும் இங்கே ஒன்றுதான்.

இன்னும் ஒன்று. நம் ஊரின் 'இதரர்' யார் என்று பார்த்தீர்களா? ராய்ச்சூர், குல்பர்கா பக்கத்திலிருந்து வந்து, கட்டடம் எழும் இடத்திலேயே நீலத் தார்ப்பாய்க் கொட்டகையில் குடியிருக்கிறார்களே, அவர்கள். பேசுவது கன்னடம். மண்ணின் மைந்தர்கள். ஆனால் வீடில்லை, பிள்ளைக்குப் பள்ளியில்லை. குழாயடியில் நம் பெண்கள் அவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். மொரீசியசில் தன் எழுத்துக்காகப் போராடிய தமிழனின் கண்ணில் பக்கத்துக் கிரியோல்காரன் எவ்வளவு தூரம் பட்டான் என்று தெரியாது. நம் கண்ணில் இவர்கள் பட்டாக வேண்டும்.

கடைசியாக, வேலைத் திட்டம். அரசு 2027-க்கென அறிவித்துள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஆள் வருவார்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். தாய்மொழி எது என்ற கேள்வி இந்தியக் கணக்கெடுப்பில் வழக்கமாக உண்டு. அதையடுத்து, தெரிந்த பிற மொழிகள் இரண்டைக் கேட்டு எழுதுவதும் வழக்கம். தாய்மொழி என்றால் அவர்கள் விதிப்படி, குழந்தையாக இருந்தபோது தாய் பேசிய மொழி. பயந்துகொண்டு கன்னடம் என்றும் சொல்ல வேண்டாம், பெருமைக்காக இங்கிலீஷ் என்றும் சொல்ல வேண்டாம். தமிழ் என்று சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்கள் அதையே சொல்லட்டும். பிற மொழி என்ற இடத்தில் கன்னடம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது அது உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் பென்சிலில் குறிக்கிறாரா, கருவியில் பதிகிறாரா, எதுவானாலும் என்ன பதிந்தார் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சங்க அறையில் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு இப்போதே நடக்கிறது. வருவது பதினான்கு பிள்ளைகள். அடுத்த மாதம் முதல் புதனும் வெள்ளியும் மாலை ஏழு மணிக்குத் தாய்மார்களுக்குக் கன்னட எழுத்து வகுப்பு. சொல்லித் தர அதே தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்பளம் வேண்டாம் என்றார், ஆட்டோ கூலியாவது நாம் கொடுக்க வேண்டும். சிலேட்டும் நோட்டும் சங்கம் வாங்கும். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் பொருளாளரிடம் கொடுக்கலாம். உங்கள் பெயரை நீங்களே, உங்களுக்கு வேண்டிய எழுத்துக்கூட்டலில், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.